முதல் குரல்

குற்றாலம்,
12-7-1936

தங்கத்தாயின் அப்பாவுக்கு,

நானும் குழந்தையும் சுகம். சாரல் விடவில்லை. கப்பல் கம்பெனியிலிருந்து வந்த தந்தியை நான் இன்னும் பிரிக்கவில்லை. உங்கள் தம்பி படித்துச் சொல்ல வந்தார். அடுப்பில் வேலை கிடக்கிறது என்று அனுப்பிவிட்டேன்.

மணிலா வேலைக்காக ஸ்பானிய மொழி படித்தீர்களே, ‘கூப்பிடு’ என்ற ஒரே வினைச்சொல்லை அருவிக்குப் போகும் வழியெல்லாம் ஒப்பித்துக்கொண்டு வருவீர்கள். யாமோ, கூப்பிடுகிறேன். யாமே, கூப்பிட்டேன். வருங்காலத்தைக் கப்பலில் படித்துக்கொள்கிறேன் என்று பக்கத்தை மடித்து, புத்தகத்தையும் எடுத்துப் போனீர்கள்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் அருவிச் சத்தத்துக்குள் உங்கள் குரல், “தங்கம்!” என்றது. ஆளைக் காணாமல் குரல் மட்டும் கேட்டால், மூன்றாம் தரம் கூப்பிடும்வரை நம் பக்கத்தில் யாரும் வாய் திறக்கமாட்டார்கள். உயிரோடு இருப்பவர்தான் மூன்றாம் தரம் கூப்பிடுவார்; மற்றக் குரலுக்குப் பதில் சொன்னவர் அதன் பின்னாலேயே போய்விடுவார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். குழந்தைக்கு அதைச் சொல்லிவைக்காதது என் தப்பு.

“இங்கன நிக்கேன்ப்பா” என்றாள்.

இரண்டாம் குரல் வரவில்லை.

அன்றிலிருந்து, சோறு ஊட்டும்போதுகூட, ‘யாமரே, யாமரே’ என்கிறாள். நான் கேட்டே இராத சொல்.

“ஏட்டி, யாரு சொல்லித் தந்தா?”

“அப்பாதான். கூப்பிடுவேன்னு அர்த்தமாம்.”

இன்று காலையில் தானாகவே தலை சீவி, பாவாடை மாற்றி, வாசலைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாள்.

அவளுக்கு ஐந்து வயதுதான் ஆகிறது. கூப்பிடுவதானால் என்னைக் கூப்பிடுங்கள். முதல் குரலுக்கே வந்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் மகளின் அம்மா