நம்பர் இல்லாத நோட்டு

உங்கள் பதினாறாம் நாள் காரியம் முடிந்து இரும்புப் பெட்டியைத் திறந்தபோது அந்த அறையில் இருந்தவர்கள்: உங்கள் மகன், மருமகள், எதிர்வீட்டு அண்ணாச்சி, கோமதி, பக்கத்து வீட்டுக்காரியான நான். வேறு யாரும் இல்லை. மூடியைத் தூக்கியதும் அந்துருண்டை வாசனை வந்தது. அக்கா, அந்த வாசனைக்கு எனக்கு அழுகை வந்திருக்க வேண்டும். வரவில்லை. எனக்கு முன்னால் முந்திக்கொண்டு குனிந்திருந்த கோமதியின் பின்னலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆல்பம் அவளுக்கு. மேலே உங்கள் கையெழுத்தில் அவள் பெயர். ராஜா தலை போட்ட பழைய ரூபாய் நோட்டுகள், அதே ரூபாயின் மேல் ‘பர்மாவில் மட்டும் செல்லும்’ என்று இங்கிலீஷில் குத்தியவை, எல்லாம் அவளுக்கு. என் பெயர் எழுதிய கவரில் ஒரே ஒரு நோட்டு. உங்கள் அப்பா ரங்கூனில் அரிசிக்கடை வைத்திருந்த காலத்தில், ஜப்பான்காரன் வந்து அச்சடித்துவிட்ட பத்து ரூபாய்.

அண்ணாச்சி எட்டிப் பார்த்தார். “இது செல்லாத நோட்டுல்லா” என்றார். “சரி, போனவ ஞாபகமா வச்சுக்கிடும்மா.”

உங்கள் மருமகள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். சிரிக்கத்தான் திரும்பினாள்.

கோமதி வருவதற்கு முன்னால் நாம் இரண்டு பேர்தானே. கிருத்திகை தவறாமல் வண்ணார்பேட்டையில் பஸ் பிடித்துக் குறுக்குத்துறை முருகன் கோயிலுக்குப் போவோம். காலேஜில் பழைய பணத்தைப் பற்றி எழுதவேண்டும் என்று ஒரு நாள் அவள் வந்து நின்றாள். அன்றிலிருந்து, “இங்கன வந்து உக்காரு கோமதி” என்பது அவளுக்கு. “ஏட்டி, பைய ரெண்டு காப்பி போடேன்” என்பது எனக்கு.

நானும் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன், அக்கா. பால் பொங்கும் சத்தத்துக்கு நடுவில் கேட்டேன். பர்மா இந்தியாவோடு இருந்தவரை இரண்டுக்கும் ஒரே ரூபாய். பிரித்ததும் வெள்ளைக்காரன் அதே ரூபாயில் ஒரு வரியைக் குத்தி அது செல்லும் ஊரைக் குறுக்கினான். ஜப்பான்காரன் நம்பர்கூடப் போடாமல் அடித்துத் தள்ளினான். வெள்ளைக்காரன் திரும்பி வந்து அது செல்லாது என்றான். பிள்ளைகளின் புத்தகத்தை வைத்து இங்கிலீஷ் எழுத்துப் படித்தவள் நான். நம்பர் இருக்கவேண்டிய இடத்தில் ‘பி’ இருக்கிறதே, அது பர்மாவுக்குத்தானே என்று நானாகக் கண்டுபிடித்து ஓடி வந்து சொன்னேன். “அதைக் கோமதி அன்னைக்கே சொல்லிட்டாளே” என்றீர்கள். அன்றைக்கு உங்கள் காப்பியில் நான் சர்க்கரை போடவில்லை. நீங்கள் கவனிக்கவும் இல்லை.

ஐந்நூறு ரூபாய் செல்லாது என்று நம் அரசாங்கம் அறிவித்தபோது, அரிசி டின்னில் நான் சேர்த்து வைத்திருந்ததை மாற்ற பேங்க் வரிசையில் என்னோடு வந்து நின்றீர்கள். “எங்க அப்பா கடைசி மூட்டை அரிசிய வித்து வாங்குன நோட்டுட்டீ, அந்த ஜப்பான் பத்து ரூவா. கப்பல் ஏறும்போது காயிதமாப் போச்சு. ஆனா கீழ போட மனசு வரலன்னு சொல்லுவாவ” என்று என்னிடம் மட்டும் சொன்னீர்கள். என் பணம் என்ன ஆகுமோ என்ற பயத்தைவிட, கோமதி பக்கத்தில் இல்லை என்ற சந்தோஷம்தான் எனக்குப் பெரிதாக இருந்தது.

ஒவ்வொரு சரஸ்வதி பூஜைக்கும் அந்த நோட்டை மட்டும் வெளியே எடுத்துக் குங்குமம் வைப்பீர்கள்.

“செல்லாத நோட்டுக்கு என்னத்துக்குக்கா குங்குமம்?”

“செல்லாதுன்னு அதுக்குத் தெரியுமாட்டீ?”

நேற்று கோமதி என் வீட்டுக்கு வந்தாள். காப்பி கொடுத்தேன், சர்க்கரை போட்டுத்தான். “அத்தை, ஆல்பத்துல அது ஒண்ணுதான் குறையுது. எனக்குத் தாங்க. பதிலுக்கு ராஜா நோட்டு ரெண்டு தாரேன்” என்றாள். தம்ளரைத் தள்ளி வைத்தாள். “ஆச்சி அதை மட்டும் என்னைத் தொடவே விட்டதில்ல” என்றாள்.

அவள் முகத்தில் இருந்தது எனக்கு நன்றாகத் தெரிந்த முகம். இத்தனை வருஷம் அடுப்படியில் நான் வைத்துக்கொண்டிருந்தது. வெள்ளிக்கிழமை வா, யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன்.

கொடுக்கலாமா வேண்டாமா என்று சாமியிடம் பூக்கட்டிப் பார்க்க, சிவப்புப் பூவும் வெள்ளைப் பூவும் வாங்கி, பொட்டலம் கட்டிக் குறுக்குத்துறைக்குக் கொண்டுபோனேன். பிரிக்காமல் திரும்பிவிட்டேன். அங்கே கிடைப்பது முருகன் பதில். எனக்கு உங்கள் பதில் வேண்டும்.

கணக்கு நோட்டில் வரவு என்று எழுதினேன். தொகை எழுதும் இடத்தில் கை நின்றுவிட்டது. காலியாகவே கிடக்கிறது. அந்தப் பத்து ரூபாய் சாமி படத்துக்குக் கீழே இருக்கிறது. உங்கள் குங்குமம் என் விரலில் ஒட்டுகிறது. நல்லதையெல்லாம் அவளுக்குக் கொடுத்துவிட்டு மிஞ்சியதை எனக்குத் தந்தீர்களா, அல்லது இதை எனக்கென்றே எடுத்து வைத்துவிட்டு மிஞ்சியதை அவளுக்குக் கொடுத்தீர்களா?

வெள்ளிக்கிழமை கோமதி வருவாள். அதற்குள் பதில் சொல்லுங்கள், அக்கா.