நாலு வரை எண்ணச் சொன்னேன்

ஆகஸ்ட் 4, திங்கள்

ஆடிக் காற்று. காலையிலிருந்து மூன்று தடவை பெருக்கியாகிவிட்டது. ஜன்னலைத் திறந்தால் புழுதி, மூடினால் புழுக்கம்.

ஜெராக்ஸ் கடைக்குப் போய் இங்கிலீஷ் தேர்வின் புது விதிகளைப் பிரின்ட் எடுத்து வந்தேன். ஆறு பக்கம். பொடி எழுத்து. மாற்றங்கள், எனக்குப் புரிந்த வரை:

பேப்பர், பென்சில் கிடையாது. எல்லாம் கம்ப்யூட்டர்.

கட்டுரை சின்னதாகிவிட்டது. மனப்பாடம் பண்ணிய வாக்கியம் தெரிந்தால் மார்க் போகும்.

பேச்சுத் தேர்வில் எதிரே ஆள் இல்லை. காதில் ஹெட்போன், வாய்க்கு முன்னால் மைக். மார்க் போடுவதும் மிஷின்.

பதினோரு வருஷமாக நர்ஸுப் பெண்களுக்கு நான் கொடுத்துவந்த நோட்ஸில் பாதி, மனப்பாட வாக்கியம்தான். இனி எடைக்குப் போட வேண்டியதுதான். மாற்றுகிறவர்களுக்கு என்ன, ஏசி ரூமில் உட்கார்ந்து மாற்றிவிடுகிறார்கள். இங்கே மாடி ரூமில் ஓட்டை ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து புரிந்துகொள்ள வேண்டியது நாங்கள்.

ஐந்தாம் பக்கத்தோடு நிறுத்திவிட்டேன். ஆறாவது பக்கம் முழுக்கப் பேச்சுத் தேர்வுக் குறிப்புகள். பேசச் சொல்லித்தர எனக்குக் காகிதம் வேண்டுமாக்கும்.

வாங்க: துவரம் பருப்பு, ஊதுபத்தி, இவருக்கு இருமல் மருந்து. பீங்கான் கம்பெனியில் இவர் பியூஸ் கேரியர் செய்யும் இடத்தில் வெள்ளை மண் தூசு. மாஸ்க் போடுங்கள் என்றால் மூச்சு முட்டுகிறதாம். இப்போது மட்டும் முட்டவில்லையா.

ஆகஸ்ட் 6, புதன்

வகுப்புக்குச் செல்வி மட்டும். டூட்டி முடிந்து யூனிஃபார்மோடு வந்தாள், ஸ்பிரிட் வாசனையோடு. அவள் நிலைமை இது: இருபத்தொன்பது வயது. தனியார் ஆஸ்பத்திரியில் ஏழு வருஷம் ஸ்டாஃப் நர்ஸ். இந்தத் தேர்வு இது மூன்றாவது தடவை. அயர்லாந்தில் ஒரு ஆஸ்பத்திரி எடுத்துக்கொள்வதாக லெட்டர் கொடுத்திருக்கிறது. மாதக் கடைசிக்குள் மார்க் போய்ச் சேராவிட்டால் அந்த இடம் லிஸ்டில் அடுத்த பெயருக்கு. 14ஆம் தேதி பரீட்சை. புது முறையில்.

மைக்குக்குப் பதிலாகக் கைப்பிடி போன பீங்கான் கப்பில் போனைச் சாய்த்துவைத்தேன். அவளுக்குச் சிரிப்பு. ஆளே இல்லாமல் யாரைப் பார்த்துப் பேசுவது என்றாள். கோமாவில் இருக்கும் பேஷண்டிடம் பேசுவதில்லையா, அப்படி நினைத்துக்கொள் என்றேன்.

"அவங்களாச்சும் மூச்சு வுடுவாங்க மிஸ்."

அவளிடம் ஒரே குறைதான். கேள்வி முடிவதற்குள் பதில். அவசர வார்டு பழக்கம். அதைத்தான் முதலிலிருந்து திருத்திக்கொண்டிருக்கிறேன். யோசித்துப் பேசுகிறவர்கள் மேல்தான் மரியாதை வரும், எல்லா பேட்ச்சுக்கும் சொல்வதுதான். மனதுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று, நாலு எண்ணு, அப்புறம் வாயைத் திற என்றேன். என்ன ஆனாலும் இதை மட்டும் விடாதே என்றும் சொன்னேன். இருபது தடவை பண்ணவைத்தேன். முதல் ஐந்து தடவை இரண்டிலேயே பாய்ந்தாள். கடைசியில் கலெக்டர் மாதிரி நிதானம்.

சந்தோஷம். கீழே வந்து காபி போட்டு ஆற அமர உட்கார்ந்து குடித்தேன். ரொம்ப நாளாச்சு.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

மார்க்கெட். புடலங்காய், சின்ன வெங்காயம். பஸ்ஸில் முன் சீட்டில் பொம்மைக் கம்பெனிப் பெண்கள் இரண்டு பேர். "பெயிண்ட்டும் இனிமே மிஷினே அடிக்குமாம்டி." "அப்ப நம்மள எதுக்கு வெச்சிருக்காங்க, வேடிக்க பாக்கவா?"

செ. போன் பண்ணினாள். ஆஸ்பத்திரி வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டாளாம், 1ஆம் தேதியே. இந்த மாதத்தோடு கடைசி. முன்கூட்டிச் சொல்லாவிட்டால் சர்ட்டிஃபிகேட் தர இழுத்தடிப்பார்களாம்.  எதற்கு அவசரப்பட்டாய் என்று வாய் வரை வந்தது. உனக்கு இந்தத் தடவை நிச்சயம் என்று ஜூலையில் சொன்னது நான்தானே. ஒன்றும் கேட்கவில்லை.

இவருக்கு இருமல் அப்படியே.

ஆகஸ்ட் 14, வியாழன்

விடியற்காலை ரயிலில் செ.யும் அவள் அம்மாவும் சென்னைக்கு. பகலெல்லாம் ஒரு வேலையும் ஓடவில்லை. ரசத்தில் இரண்டு தடவை உப்பு.

ஐந்தரைக்கு போன். எழுதியது, படித்தது, கேட்டது மூன்றும் நன்றாகவே போனதாம். பேச்சில்தான்...

"நாலு எண்ணிட்டு வாயத் தொறந்தேன் மிஸ். அதுக்குள்ள முடிஞ்சிடுச்சின்னு ஸ்கிரீன்ல காட்டிடிச்சி. அடுத்ததும் அப்பிடியே. அப்புறம் பதறிட்டன். வாயே வரல."

மிஷின் கோளாறாக இருக்கும், எல்லோருக்கும் அப்படித்தான் ஆகியிருக்கும், அங்கேயே புகார் எழுதிக் கொடுத்துவிட்டு வா என்று தைரியம் சொன்னேன்.  சரிங்க மிஸ் என்று வைத்துவிட்டாள்.

பிறகு அந்தக் காகிதங்களை எடுத்தேன். ஆறாவது பக்கம். மேலிருந்து நாலாவது வரி. சத்தம் கேட்டதும் உடனே பேசத் தொடங்க வேண்டும். மூன்று விநாடி மௌனமாக இருந்தால் மைக் தானாக மூடிக்கொள்ளும். மறுபடி திறக்காது.

மூன்று.

நான் எண்ணச் சொன்னது நாலு.

அவளை அவள் போக்கில் விட்டிருந்தால், கேள்வி முடிந்ததும் சடசடவென்று பேசியிருப்பாள். தேர்வு மாறியிருப்பது அவளுக்கு ஏற்ற மாதிரி. உட்கார்ந்து உட்கார்ந்து அதைக் கெடுத்தேன். எம்.ஏ. படித்த லட்சணம்.

ஆகஸ்ட் 16, சனி

ரிசல்ட். மற்ற மூன்றிலும் தேவையான மார்க்குக்கு மேலேயே. பேச்சில் போய்விட்டது. அடுத்த தேதி செப்டம்பரில்தான் காலி. அயர்லாந்து வேலைக்கு ஏற்பாடு செய்த ஏஜென்ட் கையை விரித்துவிட்டார்.

செ. வந்து சொன்னாள். அழவில்லை. நோட்ஸைத் திருப்பிக் கொடுத்தாள், பிளாஸ்டிக் கவரில் போட்டு, ஒரு மூலை கூட மடங்காமல். "என் வாய்தான் மிஸ் சரியில்ல" என்றாள். இப்போதாவது சொல்லடி என்று உள்ளே ஒன்று பிடித்து உலுக்குகிறது. நான் என்ன சொன்னேன்? காபி சாப்பிடுகிறாயா என்றேன்.

வேண்டாம் என்று போய்விட்டாள்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

சொல்லிவிடுவது என்று ஆஸ்பத்திரிக்கே போனேன். செ. வேலையை மறுபடி கேட்டிருக்கிறாள். ஏழு வருஷம் வேலை பார்த்தவளைப் புதிதாகச் சேர்ந்தவர்களோடு சேர்த்து, மாதம் முழுக்க நைட் ஷிஃப்ட். அதற்குக் கையெழுத்துப் போட வரச்சொல்லியிருந்தார்கள். என்னைப் பார்த்ததும், யாருக்கு மிஸ் ஒடம்பு சரியில்ல என்று பதறி வந்தாள்.

இவருக்கு இருமல் என்றேன்.

டாக்டரிடம் கேட்டு ஒரு சிரப் எழுதி வாங்கிக் கொடுத்தாள். சாப்பாட்டுக்கு அப்புறம் கொடுங்கள், தூக்கம் வரும் என்றாள். வாங்கிக்கொண்டு வந்தேன். வரும் வழியெல்லாம் என்னை நானே திட்டிக்கொண்டேன். வாய்விட்டே. ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்தார்.

இவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு, அந்தப் பொண்ணுகிட்ட சொல்லாம எங்கிட்ட சொல்லி என்னா ஆவப்போவுது என்றார். சரிதான்.

ஆகஸ்ட் 21, வியாழன்

செ.யின் அம்மா வந்தார். தனியாக. பை நிறைய கத்தரிக்காய். கொளஞ்சியப்பர் கோயிலில் பிராது கட்டப் போகிறாராம். இந்தப் பக்கத்தில் யாருக்கு அநியாயம் நடந்தாலும் அங்கேதான் போய் மனு எழுதிக் கட்டுவார்கள். மூன்று மாதத்தில் சாமி விசாரித்துத் தீர்ப்புச் சொல்லும் என்று நம்பிக்கை. அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது.

"நீங்கதான் பதவிசா எழுதுவீங்க டீச்சரம்மா. எம்பொண்ணு வாய எவ கட்டுனாளோ அவ பேர எழுதுங்க."

யார் என்றேன். புஷ்பாவாம். செ.யோடு வேலை பார்க்கும் நர்ஸு. என்னிடமும் படித்தவள்தான், இரண்டு தடவை எழுதித் தேறவில்லை. பரீட்சைக்கு முதல் நாள் அதிரசம் கொண்டுவந்து கொடுத்தாளாம். அதைத் தின்றதிலிருந்துதான் வாய் கட்டிப்போச்சாம். அவள் அப்படிப்பட்டவள் இல்லை என்றேன். பரீட்சை அன்றைக்குச் செ.யின் டூட்டியையும் சேர்த்துப் பார்த்ததே அவள்தான். அம்மா கேட்கிற மாதிரி இல்லை. பெண் மூன்று நாளாக ஒழுங்காகச் சாப்பிடவில்லையாம்.

வெள்ளைத் தாள் எடுத்தேன். மனுதாரர் பெயர், ஊர். எதிரி என்ற இடத்தில் பேனா நின்றது. அந்தப் பிள்ளை புஷ்பாவின் பெயரை எழுத எனக்குக் கை வருமா. என் பெயரை எழுதினேன். அப்பா பெயர், தெருப் பெயர், கதவு எண் வரை. கீழே: படிக்க வேண்டிய பக்கத்தைப் படிக்காமல், மனுதாரர் மகளை நாலு வரை எண்ணச் சொன்னாள். தெரிந்த பிறகும் ஒரு வாரமாக மறைத்தாள்.

"பேரு போட்டீங்களா டீச்சரம்மா?"

போட்டுவிட்டேன் என்றேன். பொய் இல்லை. நாளைக்கு நீங்களும் கூட வர வேண்டும் என்று கூப்பிட்டார். முடியாது என்று எந்த முகத்தோடு சொல்வது.

ஆகஸ்ட் 22, வெள்ளி

மணவாளநல்லூர். வெயில். கொளஞ்சியப்பர் கோயிலில் நல்ல கூட்டம். செ. நைட் டூட்டி முடித்து நேரே வந்திருந்தாள். கண் இரண்டும் சிவப்பு. அம்மாவின் வற்புறுத்தலால்தான் வந்ததாகச் சொன்னாள்.

மனுவைச் சாமி முன்னால் வைத்துப் பூஜை ஆனது. மனுக்களைக் கட்டும் முனியப்பர் சந்நிதிக்கு வந்தோம். வேல் முழுக்கத் தாள்கள். யார் யாருடைய அநியாயமோ, காற்றில் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தன. அம்மா திருநீறு வாங்க நகர்ந்தார். செ. கையை நீட்டினாள், குடுங்க மிஸ், புஷ்பா பேரத்தான எழுதச் சொன்னாங்க, அது வேணாம் என்று. கொடுத்தேன். பிரித்தாள்.

படித்தாள். மறுபடி முதலிலிருந்து படித்தாள்.  மன்னித்துவிடு என்று சொல்ல வாயெடுத்தேன்.

"தெரியும் மிஸ். அன்னிக்கே பக்கத்து சீட்டுப் பொண்ணு சொல்லிடிச்சி, மூணு செகண்டுல மூடிக்குமின்னு."

பின்னே ஏன் என்னிடம் கேட்கவில்லை என்றேன். 

"நீங்களா சொல்லுவீங்கன்னு பாத்தேன். ஒங்க வூட்டுக்கு வந்தன். நீங்க ஆஸ்பத்திரிக்கி வந்தீங்க. அப்பவும் பாத்தேன்."

அம்மா திரும்பி வந்து இருவர் நெற்றியிலும் திருநீறு பூசினார். பெயர் சரியாக இருக்கிறதா பார் என்று மகளிடம் கேட்டார். செ. தாளை மடித்தாள். மடிப்பின் மேல் விரலால் ஒருமுறை அழுத்தித் தேய்த்தாள். கிழித்துவிடுவாள் என்றுதான் நினைத்தேன்.

"சரியாத்தான் இருக்குது. கட்டும்மா."

அம்மா கட்டினார். காற்றில் நூல் நழுவிக்கொண்டே இருந்தது. ஒரு முனையைப் பிடிக்கச் சொன்னார் என்னை. பிடித்தேன்.