கதவில் தொங்கிய அட்டை

மே 12
சதர்லாந்து வானாய்வுக் குன்றில் குளிர் இறங்கிவிட்டது. வானம் பார்க்கிறவர்கள் பகலில் தூங்குவதால், விடுதிச் சமையலறையில் நான் பூனை மாதிரி நடக்கிறேன். இந்த உடம்பை வைத்துக்கொண்டு பூனை! கதவில் ‘தூங்குகிறேன்’ அட்டை தொங்கினால் யாரும் தட்டக்கூடாது. குன்றின் சட்டம்.

புதிதாக ஒரு பெண், சிபோகாசி. இன்று முதல் ஐந்து இரவு பெரிய தொலைநோக்கி அவளுக்கு.

மே 13
மேகம். நேற்று இரவும் இதேதான். கூழைத் தொடவில்லை அவள். அப்படி என்னதான் தேடுகிறாய் என்றேன். நட்சத்திரத்துக்குள் ஓர் அடுக்கு வேகமாய்ச் சுற்றுமாம், அடுத்தது மெதுவாக. இரண்டும் உரசும் இடத்தில் சுழல் கிளம்பி, நடுவில் வெந்தது மேலே வந்து கலக்குமாம். இவள் போட்ட கணக்கைவிட நிஜத்தில் அதிகம் கலக்கிறதோ என்று சந்தேகம்.

“கரண்டி போடாமலே அடிப்பிடிச்ச வாடை மேல வருதா? என் குழம்பு மாதிரியே இருக்கே.”

“உங்க குழம்புல ஏன்னு தெரியும், மீத்தாக்கா. அங்கதான் தெரியல.”

வாய்க்காரி.

மே 14
மேகம்.

மே 15
மேகம். அந்த நட்சத்திரம் பொழுது சாய்ந்ததும் ஒரு மணி நேரம்தான் மேற்கே நிற்கும், அடுத்த வாரம் அதுவும் இல்லை. ஆய்வை முடிக்க அவளுக்குக் கொடுத்த காலம் இந்த மாதத்தோடு சரி. நான் என்ன செய்ய — முறத்தால் விசிறியா மேகத்தை ஓட்ட முடியும்?

மே 16
மேகம் போயிற்று. காற்று வந்தது. தொலைநோக்கிக் கூரையைத் திறக்கவே விடவில்லை. ஐந்தும் முடிந்தது.

மே 17
வானம் துடைத்துவிட்ட மாதிரி. இன்றிலிருந்து தெபோகோ என்ற மூத்த ஆய்வாளரின் முறை. போன இரவுகளை யாரும் திருப்பித் தரமாட்டார்கள். சிபோகாசி வெளியே வரவே இல்லை. நானும் வேலை முடிந்து வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மே 18
காலையில் பெட்டியோடு வந்து உட்கார்ந்தாள். தெபோகோ தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “நேத்து சாயங்காலம் என் முறையில முதல் ஒரு மணி நேரத்தை உனக்குக் குடுக்கலாம்னு வந்தேன்மா. அட்டை தொங்கிச்சு. திரும்பிட்டேன்.”

“முழிச்சுதான் இருந்தேன்,” என்றாள். “காலையில மாட்டினது. எடுக்க மறந்துட்டேன்.”

ரொட்டியை அவள் பக்கம் தள்ளினேன். அவ்வளவுதான் முடிந்தது என்னால்.

ஆகஸ்ட் 9
சிபோகாசி கைப்பேசியில் எழுதியிருந்தாள். ஆய்வை விட்டுவிட்டாளாம், கேப் டவுனில் காப்பீட்டு அலுவலகத்தில் வேலை. இரவெல்லாம் நன்றாகத் தூங்குகிறாளாம்.

நாள் முழுக்க மேகம், சாயங்காலம் கலைந்தது. அவள் இருந்த அறையில் இப்போது வேறொருவர். அட்டை தொங்கியது. கொஞ்ச நேரம் நின்றேன். தட்டினேன். தூக்கத்தில் வந்து, படிக்கத் தெரியாதா என்று கத்தினார்.

“வானம் தொறந்திருக்கு சார்,” என்றேன்.