பத்துக்கு ஏழு

மார்கழி 12, ஞாயிறு இரவு

நீண்ட ஆலோசனைக்குப் பிறகு, ஏழரை அல்ல, ஏழு மார்க்தான் என்று இன்று பிற்பகல் முடிவெடுத்தேன். பீருக்கு. சம்பந்தியாகப் போகிற சடையப்பனின் நாகலூர் எஸ்டேட் காப்பிக்கொட்டையைப் போட்டு, அவர் மகன் லண்டனில் காய்ச்சிக் கொண்டுவந்த இம்பீரியல் ஸ்டவுட். தார் போலக் கறுப்பு.

முப்பது வருடம் காப்பி ருசி பார்த்து மார்க் போட்ட நாக்கு என்னுடையது. கரண்டியில் எடுத்துச் சத்தமாக உறிஞ்சினேன். கருகிய கொட்டை, கருப்பட்டி, கடைசியில் நல்ல கசப்பு. டம்ளரில் துப்பினேன்.

"ஏனுங்க, எம்பையன் காச்சுனதை எம்பட ஊட்டுலயே துப்பறீங்களா?"

"தொழில் அப்படிங்க. முழுங்குனா நாக்கு மரத்துப்போயிருமுங்க. ஏழு போடலாமுங்க."

"துப்பிப்போட்டு மார்க்கு வேறயாங்க?"

பாட்டில் என் நெற்றியில் உடைந்தது. நான் முக்காலியை எடுத்து அவர் முழங்கையில் இறக்கினேன். விறகு முறிகிற சத்தம் கேட்டது. மற்றக் கையால் என் தலையைப் பிடித்துச் சுவரில் மோதியபோதும் "செத்துப் போங்க" என்றுதான் சொன்னார். மரியாதை குறையவில்லை. வாயில் இறங்கிய ரத்தத்தையும் பழக்கத்தில் டம்ளரிலேயே துப்பினேன்.

ஏற்காடு ஆஸ்பத்திரியில் இன்று டியூட்டி டாக்டர், சடையப்பனின் மகள் தேன்மொழி. தை மாதம் என் மகனுக்கு மனைவியாக வேண்டியவள். அப்பாவின் கைக்கு மாவுக்கட்டுப் போட்டாள். எனக்கு ஒன்பது தையல் போட்டாள். பிறகு நிச்சய மோதிரத்தைக் கழற்றிச் சோப்புப் போட்டுக் கழுவி, என் சட்டைப் பையில் வைத்தாள்.