செவ்வாய்க்கிழமை நீச்சல்

கிவாத் யாரா
18 மே 2021, செவ்வாய்

என் அன்பு இப்திஸாம்,

மணி நாலரை. இந்நேரம் நீ குளத்தின் ஆழமில்லாத பக்கத்தில் இடுப்பில் கை வைத்து நின்று, "தண்ணியா இது, ஐஸா? யாராவது மனுஷங்க இறங்குவாங்களா?" என்று கத்திக்கொண்டிருக்க வேண்டும். குளத்தில் ஒருவரும் இல்லை. நான் மட்டும் மிதக்கும் இலைகளை வலையால் அள்ளிக்கொண்டிருந்தேன். மனம் ஒட்டவில்லை; உள்ளே வந்து பேனாவை எடுத்தேன்.

மூன்று கிலோமீட்டர் தள்ளி இருப்பவளுக்குக் கடிதமா என்று சிரிக்காதே. நம் வாட்ஸப் குழுவை விட்டு நீயும் வெளியேறினாய், நானும் வெளியேறினேன். எங்கள் ஊர் பினா உங்களைப் பற்றி எழுதியதையும், அதற்கு உங்கள் ஊரிலிருந்து வந்த பதில்களையும் பார்த்தபின் போனைத் தொடவே பிடிக்கவில்லை. எங்கள் மருந்துக்கடையில் வேலை செய்யும் உன் நாத்தனார் மகள் ரனீனிடம் இதைக் கொடுக்கிறேன். "மாமிகிட்ட பத்திரமா சேர்த்துடறேன்" என்று சொல்லி, இரத்த அழுத்த மாத்திரை உறைக்குள் ஒளித்துக்கொண்டாள். அவளுக்கும் பயம்தான்.

பெருநாள் எப்படிப் போயிற்று? யூதரும் அரபும் அடித்துக்கொண்டு சந்திப்பில் டயர் எரிந்த நாட்களில் யாருக்குப் பெருநாள் என்றுதான் நினைத்தேன். உன் வீட்டுக்காரர் நிமர் பத்திரமா? இன்னும் அதே பேருந்துத் தடத்தில்தான் ஓட்டுகிறாரா? இந்த வருடம் பேரீச்சை பிஸ்கட் வரவில்லை என்று குறை சொல்ல மாட்டேன். சொல்லிவிட்டேன், மன்னித்துக்கொள்.

ஒரு விஷயம். 29ஆம் தேதி சனிக்கிழமை எங்கள் ஊர்க்கூட்டம். குளத்தை "வெளியாருக்கு" மூட வேண்டும் என்று ஒரு தீர்மானம் வருகிறது. உங்களைத்தான் சொல்கிறார்கள், ஊர்ப் பெயரை எழுத வெட்கம் போலிருக்கிறது.

உடனே பதில் போடு.

உன்,
ரூஹாமா


ஐன் லோஸ்
23 மே 2021

அன்புள்ள ரூஹாமா,

உன் கையெழுத்தைப் படிக்க ரனீன் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் உட்கார வேண்டியிருந்தது. என் வகுப்பில் இப்படி எழுதினால் மதிப்பெண் குறைத்துவிடுவேன்.

நாங்கள் நலம். நிமர் நலம், ஆனால் கதை இருக்கிறது. 12ஆம் தேதி நகரத்தில் ஒரு கும்பல் பேருந்தை மறித்து ஏறியிருக்கிறது. "நீ அரபா? பேரைச் சொல்லு!" என்று ஒருவன் சட்டையைப் பிடித்திருக்கிறான். முன் இருக்கையில் ஒரு யூதப் பாட்டி. எழுந்து கைப்பையால் அவன் கையில் ஒரு அடி. "விடுடா! அவன் என் மருமகன்!" என்றாளாம். கும்பல் திகைத்து இறங்கிவிட்டது. வீட்டுக்கு வந்து தண்ணீர் குடித்தபின் இவர் சொன்ன முதல் வார்த்தை, "இப்திஸாம், எனக்கு ஏற்கெனவே ஒரு மாமியார் போதாதா?" சொல்லிவிட்டுச் சிரித்தார். பிறகு குளியலறைக்குள் போனவர் வெகுநேரம் வெளியே வரவில்லை.

இனி அந்தக் கூட்ட விஷயம். ரூஹாமா, நீ பேச வேண்டும். நாற்பது வருடமாக அந்த ஊரில் இருக்கிறாய், குளத்தின் சாவி உன்னிடம் இருக்கிறது. நீ பேசினால் கேட்பார்கள்.

இது நம் மாலைப் பொழுதுபோக்கு இல்லை என்று அவர்களுக்குச் சொல். பள்ளிச் சுற்றுலாவில் என் மாணவி ஷாதியா கடலில் மூழ்கிப் போனபோது கரையில் நாங்கள் ஆறு ஆசிரியைகள் நின்றோம். ஆறு பேரில் ஒருத்திக்கும் நீச்சல் தெரியாது. எங்கள் ஊரில் குளமே கிடையாதே, எங்கே கற்பது? துக்கவீட்டுக்கு முன்பின் தெரியாத நீ வந்தாய். ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்து காப்பியைக் குடித்து முடித்தாய். "எங்ககிட்ட குளம் இருக்கு. முதல்ல நீங்க கத்துக்குங்க, அப்புறம் உங்க பொண்ணுங்களுக்கு நீங்களே கத்துக்கொடுங்க" என்றாய். மூன்று கோடை ஆயிற்று. பன்னிரண்டு பேர் கற்றுவிட்டோம். இந்தக் கோடையில் சிறுமிகளைக் கொண்டுவரத்தானே இருந்தோம்? பதினேழு பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். இப்படி ஒரு நேரத்திலும் ஒரு தாய்கூடப் பெயரைத் திரும்ப வாங்கவில்லை.

பேசு.

அன்புடன்,
இப்திஸாம்

பிஸ்கட் ரனீனின் பையில் இருக்கிறது. பினாவுக்குக் கொடுக்காதே.


கிவாத் யாரா
1 ஜூன் 2021

அன்பு இப்திஸாம்,

கெட்ட செய்தி. தீர்மானம் நிறைவேறிவிட்டது. அறுபத்தொன்றுக்கு நாற்பத்தெட்டு. "நிலைமை சீராகும்வரை" குளம் உள்ளூர்க்காரர்களுக்கு மட்டும்.

என்ன செய்ய, எல்லோரும் பயந்துபோயிருக்கிறார்கள். ஒன்றும் செய்ய முடியவில்லை. கொஞ்ச காலம் பொறு, ஆறிவிடும்.

நீங்கள் பெட்டகங்களில் விட்டுப்போன துண்டுகள், நீச்சல் கண்ணாடிகள் எல்லாவற்றையும் துவைத்துத் துடைத்து ரனீனிடம் அனுப்புகிறேன். பச்சைத் தொப்பி யாருடையது என்று தெரியவில்லை. பிஸ்கட் அருமை.

முத்தங்களுடன்,
ரூஹாமா


ஐன் லோஸ்
8 ஜூன் 2021

ரூஹாமா,

பச்சைத் தொப்பி என்னுடையது. மூன்று வருடமாக என் தலையில் பார்த்திருக்கிறாய்.

உன் கடிதம் அரைப் பக்கம்தான். நீ அரைப் பக்கத்தோடு நிறுத்துகிறவள் இல்லையே என்று அப்போதே தோன்றியது. நேற்று மருந்துக்கடையில் இரண்டு பெண்கள் ரனீன் காதுபடப் பேசிக்கொண்டார்களாம். "ரூஹாமாவே கை தூக்கல பார்த்தியா?" "ஆதரிக்கவும் தூக்கல, எதிர்க்கவும் தூக்கல. வாயே திறக்கல. தரையைப் பார்த்துட்டு உட்கார்ந்திருந்தா." ரனீன் என்னிடம் சொல்லலாமா வேண்டாமா என்று ஒரு நாள் முழுக்கத் தவித்திருக்கிறாள்.

நீ எனக்கு எதிராகக் கை தூக்கியிருந்தால்கூட வந்து சண்டை போட்டிருப்பேன். இதை என்ன செய்வது?

உனக்குச் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். முதல் கோடையில் என் கணவரின் பெரியப்பா எங்கள் வீட்டு வாசலில் நின்று, "யூதர்கள் குளத்தில போய்த் துணி அவுக்கறதுக்கா உன்னைப் படிக்க வெச்சோம்?" என்று தெரு கேட்கக் கத்தினார். மறுநாளும் பையை எடுத்துக்கொண்டு வந்தேன். இந்த மே மாதம், டயர் எரிந்த மறுவாரம், எங்கள் பள்ளியில் பெற்றோர் கூட்டம். "இனி அந்த ஊருக்கு எங்க பிள்ளைங்க எதுக்கு?" என்று கேட்டார்கள். நான் எழுந்து, "ரூஹாமாவை எனக்குத் தெரியும்" என்றேன். உன் பெயரைச் சொன்னேன். அதை நம்பித்தான் பதினேழு தாய்மார்கள் காத்திருக்கிறார்கள்.

இனி எழுத வேண்டாம்.

இப்திஸாம்


கிவாத் யாரா
15 ஜூன் 2021

இப்திஸாம்,

வேண்டாம் என்றாய். எழுதுகிறேன். படிக்காமல் கிழித்தாலும் சரி.

அவர்கள் சொன்னது உண்மை. நான் கை தூக்கவில்லை. அதைவிட மோசம், உனக்கு எழுதும்போது "முடியவில்லை" என்ற வார்த்தைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

நடந்ததைச் சொல்கிறேன், சாக்காக எடுத்துக்கொள்ளாதே. மே 12ஆம் தேதி என் மகள் ஹகீத் காரில் சந்திப்பைக் கடந்து வந்தபோது கல் விழுந்தது. பின் இருக்கையில் அலூமா. மூன்று வயதுக் குழந்தை. காயம் இல்லை. ஆனால் தலைமுடி முழுக்கக் கண்ணாடித் தூள். குளிக்கும் தொட்டியில் உட்கார வைத்து ஒவ்வொன்றாக எடுத்தேன், ஒன்றரை மணி நேரம். "பாட்டி, இது சர்க்கரையா?" என்று கேட்டாள்.

கூட்டத்தில் ஹகீத் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். நான் பேசுவதற்குத் தாளில் எழுதி வைத்திருந்தேன், ஷாதியாவைப் பற்றிக்கூட. அவள் என் காதில், "அம்மா, நீ அவங்களுக்காகக் கை தூக்கினா, நான் அலூமாவைத் தூக்கிக்கிட்டு இங்கிருந்து போயிடுவேன். திரும்ப வரமாட்டேன்" என்றாள். என் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்துகொண்டேன். அவ்வளவுதான்.

உன்னிடம் ஏன் அப்போதே சொல்லவில்லை? கல்லைப் பற்றி எழுதினால் நீ மன்னிப்புக் கேட்பாயோ என்று பயந்தேன். நீ ஏன் கேட்க வேண்டும்? சொல்லாமல் மறைத்துவிட்டு, அதே பயத்தில் உன்னைக் கைவிட்டேன். உன் வீட்டு வாசலில் அந்தப் பெரியவர் கத்தியதை நீ மூன்று வருடம் எனக்குச் சொல்லாமல் சுமந்திருக்கிறாய். நான் ஒரு மாலைகூடத் தாங்கவில்லை.

ரூஹாமா


கிவாத் யாரா
27 ஜூலை 2021

இப்திஸாம்,

உன் பதில் வரவில்லை. ரனீனிடம் கேட்பதை நிறுத்திவிட்டேன். அந்தப் பெண்ணை ஏன் சங்கடப்படுத்த வேண்டும்? இது செய்திக்காக மட்டும்.

எங்கள் விதிப்படி நாற்பது கையெழுத்து இருந்தால் ஒரு தீர்மானத்தைத் திரும்ப எடுக்கலாம். வீடு வீடாகப் போனேன். பினா வீட்டுக்கும் போனேன். கதவைத் திறந்தவள், "அந்த மெசேஜை நான் கோபத்தில போட்டேன், ரூஹாமா. இப்ப அழிச்சா அசிங்கம், அழிக்காட்டியும் அசிங்கம்" என்றாள். கையெழுத்துப் போடவில்லை. ஆனால் உட்கார வைத்துத் தர்ப்பூசணி கொடுத்தாள்.

சனிக்கிழமை கூட்டத்தில் பேசினேன். "கல்லை எறிஞ்சது யாருன்னு எனக்குத் தெரியாது. என் குளத்துக்கு வர்ற பன்னிரண்டு பேரை எனக்குத் தெரியும். அவங்க ஊர்ல ஒரு பிள்ளை தண்ணியில போச்சு. இன்னொண்ணு போனா, சாவி வெச்சிருந்த நான் என்ன பதில் சொல்றது?" என்றேன். ஹகீத் எழுந்து வெளியே போனாள். நான் பேச்சை நிறுத்தவில்லை. கை தூக்கினேன்.

ஏழு வாக்கில் ஜெயித்தோம். செவ்வாய் நாலு மணி நமக்குத் திரும்பக் கிடைத்துவிட்டது. ஒரு நிபந்தனை: வருகிறவர்களின் பெயரும் அடையாள எண்ணும் முன்னாடியே ஊர் வாசல் காவலரிடம் பட்டியலாக இருக்க வேண்டும்.

சிறுமிகளை அனுப்புவாயா?

ரூஹாமா


ஐன் லோஸ்
2 ஆகஸ்ட் 2021

ரூஹாமா,

உன் ஜூன் மாதக் கடிதத்தைக் கிழிக்கவில்லை. பல தடவை படித்தேன். குழந்தை இப்போது தூங்குகிறாளா? காரில் ஏற அழுகிறாளா? முதலில் அதற்குப் பதில் எழுது.

நீ பேசியது ரனீன் மூலம் ஏற்கெனவே வந்து சேர்ந்தது. உன் மகள் எழுந்து போனதும் தெரியும். அது உனக்கு எவ்வளவு வலித்திருக்கும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை.

ஆனால் பட்டியல் கிடையாது. பதினோரு வயதுப் பிள்ளையிடம் நீச்சல் கற்க அடையாள எண் கொண்டுவா என்று நான் சொல்லமாட்டேன். "எதுக்கு டீச்சர்?" என்று கேட்பாள். நான் என்ன சொல்வேன்? "அவங்க உன்னைப் பார்த்துப் பயப்படறாங்க" என்றா? மூன்று வருடம் உங்கள் வீட்டு விருந்தாளியாக வந்தோம். அதிலேயே எனக்குள் ஒரு கூச்சம் இருந்தது. சந்தேகப் பட்டியலில் வர முடியாது. பக்கத்து ஊர்க்காரர்களாக வருவதென்றால் சொல்.

உன்மேல் உள்ள கோபத்தில் இதை எழுதவில்லை. அது தனி.

இப்திஸாம்


கிவாத் யாரா
5 ஆகஸ்ட் 2021

இப்திஸாம்,

அலூமா தூங்குகிறாள். காரில் ஏறினால் மட்டும் தொப்பியைக் காதுவரை இழுத்துக்கொள்கிறாள். அவர்கள் வீடு மாறிப் போகவில்லை. ஹகீத் என்னோடு பேசுகிறாள், உப்பு எங்கே, சாவி எங்கே என்ற அளவில்.

நீ சொன்னது சரி. எனக்கு அது தோன்றாமல் போனதே என்று அவமானமாக இருக்கிறது. விதியை மாற்ற அடுத்த கூட்டம்வரை காத்திருக்க வேண்டும். அதற்கிடையில் எங்கள் பெண்கள் ஒன்று முடிவு செய்திருக்கிறோம். வரும் செவ்வாய் முதல், அந்த நேரத்தில் குளத்துக்கு வரும் எல்லோர் பெயரும் அதே பட்டியலில் இருக்கும், எங்கள் பெயர் உட்பட. வாசலுக்கு வெளியே வந்து நிற்போம். நீங்கள் இல்லாமல் உள்ளே போகமாட்டோம்.

நீ வர வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

ரூஹாமா


ஐன் லோஸ்
11 ஆகஸ்ட் 2021

என் ரூஹாமா,

நேற்று நான் வரவில்லை. வேண்டுமென்றேதான். வீட்டில் உட்கார்ந்து கோடை வகுப்பு விடைத்தாள் திருத்தினேன். ஒரே கூட்டலை மூன்று தடவை தப்பாகப் போட்டேன்.

ஆறு மணிக்கு நிமர் வந்தார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "உன் சிநேகிதி பைத்தியம்" என்றார். உங்கள் ஊர் வாசல் வழியாகத்தான் அவர் தடம் என்பதை நீ நினைத்தாயோ இல்லையோ, நான் மறந்தே போயிருந்தேன். பதினோரு பெண்கள், குளியல் அங்கி, துண்டு, ரப்பர் செருப்போடு, ஆகஸ்ட் வெயிலில் தார்ச்சாலை ஓரமாக வரிசையில். பேருந்தில் இருந்தவர்கள் எல்லோரும் ஒரே பக்கமாகச் சாய்ந்து பார்த்தார்களாம். இவர் நிறுத்திக் கதவைத் திறந்து, "என்ன, குளம் வத்திப்போச்சா?" என்று கேட்டதற்கு நீ, "ஆள் குறையுது" என்றாயாம். காவலர் மனஷே ஓடி வந்து, "நிமர், உன் வீட்டம்மாகிட்ட சொல்லுய்யா, சீக்கிரம் வரச் சொல்லு. இவங்களை எனக்கு முப்பது வருஷமாத் தெரியும். அடையாள அட்டையைப் பாருங்கிறாங்க. என் பேரையும் எழுதுங்கிறாங்க!" என்று புலம்பினாராம்.

பினாவும் வரிசையில் நின்றாளாமே? குடை பிடித்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல். நிமர் அவளைச் சரியாக அடையாளம் சொன்னார்.

இன்னொன்றும் சொன்னார். வரிசையில் சேராமல், தள்ளி, மரநிழலில் ஒரு இளம்பெண். அவள் இடுப்பில், தொப்பியைக் காதுவரை இழுத்துக்கொண்ட ஒரு குழந்தை. உங்களுக்குத் தண்ணீர்ப் பாட்டில் கொண்டுவந்து கொடுத்துவிட்டு மறுபடி நிழலுக்கே போய்விட்டாளாம். அவளிடம் நான் கேட்டதாகச் சொல்: குழந்தையின் தலையில் சின்னக் கீறல்கூட இல்லையா என்று. யார் சார்பாகவும் கேட்கவில்லை. நான் மூன்று பெற்றவள், அதனால் கேட்கிறேன். பதில் வராவிட்டாலும் பரவாயில்லை.

கோபம் முழுதாகத் தீரவில்லை என்பதை எழுதிவிடுகிறேன். நீ தரையைப் பார்த்து உட்கார்ந்திருந்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. மீதியைத் தண்ணீருக்குள் நின்று சண்டை போட்டுக்கொள்ளலாம். அங்கே நீ ஓட முடியாது. ஆழமில்லாத பக்கத்தில் நான் உன்னைவிட உயரம்.

இன்று காலை தாய்மார்களைக் கூட்டினேன். பட்டியலைப் பற்றி ஒளிக்காமல் சொன்னேன், வரிசையைப் பற்றியும் சொன்னேன். ஒருத்தி, "அந்த அம்மாக்கள் எல்லாரும் அடையாள அட்டையைக் கையில வெச்சுக்கிட்டா நின்னாங்க?" என்று இரண்டு தரம் கேட்டாள். பிறகு சிரித்தாள். பதினேழில் பதினான்கு பேர் வருகிறார்கள். மூன்று பேர் வரவில்லை, அவர்கள்மேல் எனக்கு வருத்தம் இல்லை. அடுத்த கூட்டத்தில் பட்டியல் ஒழியும்வரை நீயும் ஓயக்கூடாது.

செவ்வாய் நாலு மணி. எல்லோரும் வெளியே நில்லுங்கள். ஒன்றாக உள்ளே போவோம். என் பச்சைத் தொப்பியைத் தேடி எடுத்துவிட்டேன்.

பட்டியலை மனஷே அகரவரிசையில் எழுதட்டும். உனக்கு முன்னால் என் பெயர் வரும்.

உன்,
இப்திஸாம்