செட்டாப் பாக்ஸ் பிழைத்துக்கொண்டது

அன்புள்ள அக்காவுக்கு,

நடந்ததை நடந்தபடியே, எதையும் கூட்டாமல் எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை நம் செட்டாப் பாக்ஸ் நின்றுவிட்டது. ஸ்ரீரங்கத்துப் பாட்டுப் போட்டியில் நீ பாடியது டிவியில் வந்தபோது எடுத்த பதிவு அதில் மட்டும்தான் இருக்கிறது. நீ கன்னியர் மடத்துக்குப் போனதிலிருந்து அம்மா அதைத் தினமும் போட்டுப் பார்ப்பார். அந்த நேரத்தில் அப்பா வெளியே போய் வண்டியைத் துடைப்பார். நம் வண்டி இப்போது மிகவும் பளபளப்பாக இருக்கிறது.

ரிப்பேர்க்காரர் வந்தார். "பாக்ஸ் போயிடுச்சு பாப்பா. புதுசு தரேன், ஆனா பழைய ரெக்கார்டிங் வராது. இதைக் குடு" என்றார். நான் அதை மடியில் வைத்துக்கொண்டு, "நாளைக்கு வாங்கண்ணே" என்றேன்.

பாக்ஸில் ஒரு விளக்குகூட எரியவில்லை. அப்படியென்றால் உள்ளே மின்சாரமே போகவில்லை. பழுது அடாப்டரில் இருக்கலாம் என்று அறிவியல் புத்தகத்தை வைத்து யோசித்தேன். அடாப்டர் மேல் அச்சிட்டிருந்த வோல்ட், ஆம்பியர் எண்களை எழுதிக்கொண்டு கே.கே. நகரில் வீடு வீடாகப் போனேன். மாதா கோயில் பாடகர் குழுவின் கீபோர்டு அடாப்டரில் எல்லாம் பொருந்தியது. அதை வைத்திருக்கும் ரோசரி ஆன்ட்டி, "ஞாயித்துக்கிழமை பூசைக்குள்ள வந்துரணும்டி. இல்லன்னா கீபோர்டுக்குப் பதிலா நீதான் வாயால வாசிக்கணும்" என்றார்.

செருகினேன். பச்சை விளக்கு எரிந்தது. நீ பாடினாய், அக்கா. அம்மா கைதட்டினார்.

அப்பா ஈரத் துணியோடு வாசலில் நின்று முழுவதும் கேட்டார். பிறகு உள்ளே வந்து அம்மா பக்கத்தில் உட்கார்ந்தார். "மொதல்லேருந்து போடும்மா. பெரியவ மேடைக்கு வர்றதை நான் பாக்கல" என்றார்.

மறுபடி போட்டேன். படம் தெளிவாகத் தெரிய வேண்டும் என்று அவரே எழுந்து விளக்கை அணைத்தார்.

உன் தங்கை