அம்மாவுக்குக் கேட்ட உஸ் சத்தம்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் இங்கே பெரிதாகக் குறை சொல்ல முடியாதபடி இருக்கிறோம், என் இடுப்பு மட்டும்தான் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. நீ அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி உடம்பைப் பார்த்துக்கொள்கிறாய் என்று நம்புகிறேன். போன மாதம் உன் வேலை போய்விட்டது என்று நீ போனில் சொன்னபோது நான் ரொம்ப நல்லது, சந்தோஷம் என்று சொல்லிவிட்டு போனை அம்மா கையில் கொடுத்துவிட்டேனாம். அவ்வளவு தூரம் போகாதே என்று தடுத்தவர் இப்போது குத்திக்காட்டுகிறார் என்று நீ அழுததாக அம்மா நேற்றுத்தான் என்னிடம் சொன்னாள். அவளும் நான் வீம்புக்குச் சொன்னேன் என்றே நினைத்து இத்தனை நாளும் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. நீயோ அதன் பிறகு கூப்பிடும்போது அப்பாவிடம் கொடு என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. நான் ஏன் அப்படிச் சொன்னேன் என்பது எனக்கே இந்த வாரம்தான் தெரிந்தது. அதை எடுத்த எடுப்பில் சொல்ல எனக்கு வராது, வண்டியிலிருந்து ஆரம்பித்தால்தான் கோர்வையாக வரும், பொறுத்துக்கொள்.

நம் பழைய பிக்கப்தான், மரக்கடைக்குக் கதவும் ஜன்னலும் ஏற்றிப்போகிற அதே வண்டி. ஓடும்போது ஒன்றும் தெரியாது, சிக்னலில் நின்றால் நடுங்கும், எஞ்சின் வேகம் தானாக ஏறும், இறங்கும், பிறகு அணைந்தே போகும். பிரேக்கும் கல்லை மிதிப்பதுபோல இறுகிவிட்டது, அது என் முழங்காலுக்கு வயசானதால் என்று நினைத்துக்கொண்டேன். பிளக் மாற்றினேன், கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினேன், தலைகீழாக நின்று பார்த்தேன், நடுக்கம் போகவில்லை. நம் சோடாபுட்டி மெக்கானிக் கண் ஆபரேஷன் செய்துகொண்டு வீட்டோடு இருக்கிறார், அவரிடம் போய்க் கேட்டேன். எங்கேயோ வெளிக்காற்றை இழுக்கிறது, எஞ்சின் உறிஞ்சுகிற குழாயில் மயிரிழை விரிசல் இருந்தாலும் பெட்ரோலும் காற்றும் கலக்கிற அளவு கெட்டுவிடும் என்றார். ஒரு துண்டு ரப்பர் குழாயின் ஒரு நுனியைக் காதில் வைத்துக்கொண்டு மறுநுனியை ஒவ்வொரு இணைப்பாக நகர்த்து, ஓட்டை இருக்கிற இடம் உஸ்ஸென்று தானே காட்டிக்கொடுக்கும் என்றார். சத்தத்தை வைத்தே வண்டிக்கு வைத்தியம் பார்க்கிற ஆளிடம் இதைப் போய்ச் சொல்கிறீரே என்று ஜம்பமாகப் பேசிவிட்டு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசலில் வண்டியை ஓடவிட்டு, குழாயைக் காதில் சொருகிக்கொண்டு குனிந்தவன் வெயில் ஏறும்வரை நிமிரவில்லை. ஓர் இடம் விடாமல் பார்த்தேன், எங்கேயும் சத்தமே இல்லை. காற்றும் இல்லை ஒன்றும் இல்லை, அந்த ஆளுக்குக் கண்ணோடு புத்தியும் மங்கிவிட்டது என்று திட்டிக்கொண்டே மறுபடி கார்புரேட்டரைக் கழற்ற ஸ்பேனரை எடுத்தேன். அலுப்பில் அழுகைதான் வரவில்லை. அப்போது அம்மா டீயோடு வாசற்படிக்கு வந்தாள், வந்தவள் அங்கேயே நின்று, என்னங்க இது, குக்கர் மாதிரி உஸ்ஸுன்னு இவ்வளவு சத்தமா கேக்குது, இதுக்கா காலையிலிருந்து மல்லுக்கட்டுறீங்க என்றாள். எங்கே என்றேன். கையை நீட்டிக் காட்டினாள். எஞ்சின் உறிஞ்சுகிற விசையைப் பிரேக்குக்குக் கொண்டுபோகிற தடித்த குழாய் வளைகிற இடத்தில், அடிப்பக்கத்தில் விரலை விட்டேன், விரலைப் பிடித்து இழுத்தது. குறடால் அந்த இடத்தை நசுக்கிப் பிடித்தேன், பானட்டில் வைத்திருந்த என் இன்னொரு கைக்கு நடுக்கம் அடங்கியது தெரிந்தது. குறடை எடுத்துவிட்டு, கழுத்தை நீட்டிக் காதை அந்த விரிசலுக்குப் பக்கத்திலேயே கொண்டுபோனேன். எஞ்சின் கடகடப்பதுதான் கேட்டது. அந்தக் குழாய் முழுசாகப் பிளந்திருந்தால், கதவு ஏற்றிய வண்டியை இறக்கத்தில் நிறுத்த என் காலுக்கு பலம் போதாது. எஞ்சினை அணைத்தேன். அம்மா டீயைக் கீழே வைத்துவிட்டு எத்தனை நாளா இப்படி என்று கேட்டாள், அதையும் இரண்டு தடவை கேட்டாள். உண்மையிலேயே எனக்குத் தெரியவில்லை. எல்லாரும் முன்னைப்போல வாயைத் திறந்து பேசுவதில்லை, முணுமுணுக்கிறார்கள் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

மறுநாளே காது டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். கனத்த சத்தமெல்லாம் கேட்கிறதாம், மெல்லிய சத்தங்கள்தான் தேய்ந்துவிட்டனவாம், பெண்பிள்ளைகள் குரல் சரியாகப் பிடிபடாது, போனில் என்றால் இன்னும் மோசம் என்றார். இத்தனை வருஷம் எஞ்சினோடு குடித்தனம் நடத்தியதற்கு அது கொடுத்த சீர் என்று வைத்துக்கொள். வீட்டுக்கு வரும் வழியில்தான் அம்மா உன் போன் விஷயத்தைச் சொன்னாள், நான் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். கொஞ்ச காலமாகவே நீ பேசுவது எனக்குப் பாதிகூடப் பிடிபடவில்லை மகளே. ஏற்ற இறக்கத்தை வைத்து ஊகித்துக்கொண்டு, ம், சரி, நல்லது என்று ஓட்டிக்கொண்டிருந்தேன். அன்றைக்கு உன் குரல் வேகமாக ஏறி ஏறி வந்தது, நீ அழுகையை அடக்கிக்கொண்டு பேசியிருக்கிறாய், நான் ஏதோ நல்ல சேதி என்று நினைத்துவிட்டேன். குழந்தையில் நீ இருமினால்கூட அடுத்த அறையிலிருந்து எழுந்து வந்தவன் நான். இதை எழுதும்போது எனக்குத் தாங்கவில்லை.

குழாயை மாற்றிவிட்டேன், வண்டி இப்போது நிற்கிற இடத்தில் சமத்தாக நிற்கிறது. காதுக்கும் மெஷின் சொல்லியிருக்கிறோம், கொஞ்சம் உதவுமாம், பழையபடி ஆகாதாம். மெஷின் வரும்வரை சரக்கு ஏற்றப்போவதில்லை என்று அம்மாவுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன், உண்மையைச் சொன்னால் எனக்கும் களைப்பாகத்தான் இருக்கிறது. நீ வாடகை வீட்டில் தனியாக உட்கார்ந்து மனசைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே. வேலை போனால் போகட்டும், அது உன் குற்றமில்லை. அங்கேயே இன்னொன்று தேடுவதானாலும் சரி, கொஞ்ச நாள் இங்கே வந்து சும்மா படுத்துக் கிடப்பதானாலும் சரி, எனக்கு இரண்டும் ஒன்றுதான். அன்றைக்கு நீ கேட்டிருக்க வேண்டிய பதில் இதுதான்.

நீ நன்றாக இருப்பாய், என் ஆசி எப்போதும் உனக்கு உண்டு. இந்த வாரம் கூப்பிடும்போது மறக்காமல் என்னைக் கேள். காதில் விழாவிட்டால் விழவில்லை, திரும்பச் சொல்லு என்று பத்து தடவையானாலும் கேட்பேன், நல்லது என்று மட்டும் சொல்ல மாட்டேன்.

இப்படிக்கு,
உன் அப்பா